முதல் கடி

கருங்கானல் எஸ்டேட்டில் அன்றைக்கு யாரும் கொழுந்து பறிக்கப் போகவில்லை. அரைநாள் சம்பளத்தோடு எல்லோரையும் சமூகக் கூடத்துக்கு வரச் சொல்லியிருந்தார்கள். மேடையில் ஒரு மேசை, மேசைமேல் கண்ணாடிப் பெட்டி, பெட்டிக்குள் பட்டினி போட்டு வைத்த ஓர் ஓணான். பக்கத்தில் டிஸ்பென்சரி நர்ஸ் செலின், வலைத்துணி கட்டிய இரண்டு டப்பாக்களைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இரண்டிலும் வண்ணத்துப்பூச்சிகள் படபடத்தன. வெந்தய நிறச் சிறகு, கறுப்பு ஓரம். பார்வைக்கு இரண்டு டப்பாவும் ஒன்றுதான்.

பேசியவர் டாக்டர் இளம்பரிதி. நோய்க்கு மருந்து கொடுக்கும் டாக்டர் அல்ல, பூச்சிகளைப் படித்தவர். கம்பெனி அவரைக் கோயம்புத்தூரிலிருந்து வரவழைத்திருந்தது. ஒரே மழைக்காலத்தில் சிறுத்தை அடித்துப் பல பேர் செத்துப் போயிருந்தார்கள். காட்டுக்கும் தேயிலைக்கும் நடுவே எந்த வேலியும் நிற்கவில்லை. சுடச் சட்டம் விடவில்லை. கூண்டு வைத்து ஒன்றைப் பிடித்தால் அதன் இடத்துக்கு இன்னொன்று வந்து உட்கார்ந்தது.

"இந்தப் பூச்சி புழுவா இருக்கறப்போ எருக்க இலையைத் தின்னும்" என்றார் டாக்டர். "எருக்கம்பால் என்ன செய்யும்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியாமயா? பொட்டப்புள்ள பொறந்தா எங்க ஊர்ப்பக்கம் அதைத்தானே ஊத்துவாங்க" என்று பின்வரிசையில் ஒருவர் சொல்ல, கூட்டம் சிரித்தது.

டாக்டரும் சிரித்தார். "மனுஷனுக்கு அது விஷம். இந்தப் புழுவுக்கு அது சேமிப்பு. விஷத்தைத் தின்னு, தான் சாகாம, உடம்புல பத்திரமா வச்சுக்குது. சிறகு முளைச்சு பூச்சியா ஆன பிறகும் அந்த விஷம் கூடவே வருது. இப்பப் பாருங்க."

செலின் முதல் டப்பாவின் வாயைப் பெட்டிக்குள் திறந்தாள். பூச்சி ஒன்று பறந்து கண்ணாடியில் உட்கார்ந்தது. ஓணான் ஒரே பாய்ச்சலில் கவ்வியது. இரண்டு தடவை மென்றது. அப்புறம் வாயைப் பிளந்துகொண்டு துப்பியது. கழுத்தை நீட்டி உடம்பு குலுங்க ஓங்கரித்து, வாயைத் தரையில் தேய்த்தது. செலின் இரண்டாவது டப்பாவைத் திறந்தாள். புதுப் பூச்சி ஓணானின் மூக்கருகே வந்து உட்கார்ந்தும் அது மூலையில் ஒடுங்கிக்கொண்டதே தவிர வாயைத் திறக்கவில்லை.

"ரெண்டாவதா விட்டதுல விஷமே கிடையாது. அது வேற சாதிப் பூச்சி. அதே நிறச் சட்டை மட்டும் போட்டிருக்கு. சட்டையே போதும், பாத்தீங்களா?"

கைதட்டல் எழுந்தது. அது அடங்கியதும், முன்வரிசையில் உட்கார்ந்திருந்த முத்தரசி எழுந்தாள். ஒன்பதாம் நம்பர் தேயிலைக் காட்டில் கொழுந்து எடுப்பவள். புருஷனை இழந்தவள், பிள்ளை இல்லை. செலின் மஞ்சள் காமாலையில் கிடந்தபோது கீழாநெல்லி அரைத்துக் கொடுத்து ஒரு மாதம் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொண்டவள்.

"சார், அந்த மொத பூச்சி செத்துக் கெடக்குதே?"

எல்லோரும் பெட்டியைப் பார்த்தார்கள். தரையில் ஒரு சிறகு தனியாக, உடம்பு தனியாகக் கிடந்தது.

"ஒண்ணு போனாத்தாம்மா மத்ததெல்லாம் பிழைக்கும்" என்றார் டாக்டர். "ஓணான் படிக்கணும்ல?"

ஒரு வாரத்தில் மருந்து வந்து இறங்கியது. கம்பெனி வைத்த பெயர் 'கவசம்'. ஜனங்கள் 'கசப்பு' என்றார்கள். முதலில் ஒரு பொடி. அதில் குடலில் குடியேறும் கிருமிகள் இருந்தன. ஆய்வுக்கூடத்தில் வளர்த்தவை. அவை நிலைகொண்ட பிறகு, வாரம் ஒரு மூடி எருக்கஞ்சாறு. கிருமிகள் விஷத்தை இதயத்துப் பக்கம் போகவிடாமல் தோலுக்கடியில் கொண்டுபோய்ச் சேர்த்தன. செலின் டிஸ்பென்சரி வாசலில் நின்று, வரிசையில் வந்தவர்களின் அண்ணாந்த வாயில் ஊற்றினாள். அதோடு ஆளுக்கொரு மழைச்சட்டை, வெந்தய நிறத்தில் கறுப்புப் பட்டை போட்டது. பிள்ளைகளுக்கும் பால் கொடுக்கும் தாய்மாருக்கும் சட்டை மட்டும். செலினைப் போலக் காட்டுக்குள் வேலையில்லாத ஸ்டாஃபுக்கு இரண்டுமே வேண்டாம் என்று துரை சொல்லிவிட்டார். மேனேஜரை அங்கே இன்னும் துரை என்றுதான் சொல்வார்கள்.

முதல் மாதம் தொழிலாளர்களின் லைன் வீடுகள் முழுக்க வாந்தி நாற்றம். பிறகு உடம்பு பழகிக்கொண்டது. கொசு கடிப்பது நின்றுபோனது. எஜமானின் காலை நக்கிய நாய்கள் நுரை தள்ளிச் செத்தன. பெண்டாட்டியை முத்தமிட்ட புருஷன்மார் முகத்தைச் சுளித்துக்கொண்டு வாய் கொப்பளித்தார்கள். கசப்பு ஏறிய பிறகு பிள்ளை பெற்றவள் ஒருத்தி. குழந்தை நல்ல எடை, நல்ல அழுகை. அது இரண்டாம் தடவை பால் குடித்து முடித்ததும் உதடு நீலமாகிவிட்டது. செலின் தூக்கிக்கொண்டு ஜீப்பில் ஏறுவதற்குள் முடிந்துவிட்டது.

"பூச்சி தன் முட்டைக்கும் விஷத்தைக் குடுத்துத்தான் அனுப்பும். முட்டைக்கு அது தாங்கும்" என்றார் டாக்டர், வருத்தமாகத்தான். "நம்ம குழந்தைக்குத் தாங்கலை. இனிமே புட்டிப்பால்னு சொல்லிடுங்க."

சிறுத்தை படித்தது அந்த மாசியில். பேக்டரி வேலை முடிந்து வந்துகொண்டிருந்த குப்பாண்டியைக் கழுத்தில் கவ்வியது, கவ்விய வேகத்தில் விட்டது. பத்தடி தள்ளி வாந்தி எடுத்துவிட்டுக் காட்டுக்குள் ஓடியது. கடித்த இடத்தில் ரத்தம் நிற்காமல் குப்பாண்டி போய்ச் சேர்ந்தான். செலின் அவன் கண்ணை மூடிக்கொண்டிருந்தபோது, டாக்டர் வாந்தியின் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து அதைக் கரண்டியால் பாட்டிலில் அள்ளிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தபோது அவர் கண் கலங்கியிருந்தது. சந்தோஷத்தில்.

அதற்குப் பிறகு உண்மையாகவே அமைதி. பட்டைச் சட்டையைக் கண்டால் சிறுத்தை பாதையை விட்டு இறங்கிப் போவதைப் பெண்கள் கண்ணால் பார்த்தார்கள். தாய் ஒதுங்கினால் குட்டியும் ஒதுங்கியது. குப்பாண்டி படத்துக்கு மாலை போட்டுக் கூடத்தில் மாட்டினார்கள். செலினின் மகள் ஷைனி சட்டையை மாட்டிக்கொண்டு, தேயிலைக் காட்டின் குறுக்குப் பாதையில் தனியாகப் பள்ளிக்கூடம் போய்வந்தாள். அப்பன் இன்னொருத்தியோடு திருப்பூரில் இருந்தான். செலினுக்கு உலகத்தில் இருந்தது அந்த ஒரு பிள்ளைதான்.

அடுத்த வருடம் ஜார்க்கண்டிலிருந்து புது ஆட்கள் வந்தார்கள். பழைய ஆட்களில் பாதிப் பேர் பிள்ளைகளைத் தேடி சமவெளிக்கு இறங்கிப் போயிருந்ததால் லைன்களில் இடம் இருந்தது. மருந்துக்குத்தான் தட்டுப்பாடு. கிருமிப்பொடி மற்ற எஸ்டேட்டுகளுக்கும் பங்கு பிரிந்துகொண்டிருந்தது.

"அவங்களுக்குச் சட்டை மட்டும் குடுங்க" என்றார் டாக்டர்.

"இத்தனை பேருக்குமா சார்?" என்றாள் செலின்.

"ரெண்டாவது டப்பா ஞாபகம் இருக்கா? கொஞ்சம் பேர் கசந்தா மீதிப் பேருக்கு அந்த நிழல்லயே பாதுகாப்பு."

வந்தவர்களில் பூல்மணி என்று ஒருத்தி. இடுப்பில் சுமி என்ற மகள். இறங்கி நடக்கும் வயதாகியும் இடுப்பை விட்டு இறங்காத பிள்ளை. மற்றவர்கள் வாயில் மருந்து ஊற்றுவதைப் பார்த்து அவளும் வரிசையில் வந்து நின்றாள். பிள்ளையின் வாயையும் விரலால் திறந்து காட்டினாள்.

"உனக்கு வேண்டாம்மா. சட்டை போதும்" என்றாள் செலின்.

"போதும்?" என்று கேட்டாள் பூல்மணி. அவள் கற்றுக்கொண்ட முதல் தமிழ்ச் சொற்களில் அது ஒன்று.

"போதும்."

பூல்மணி தலையாட்டிவிட்டுப் போனாள். அந்த மழை முடிவதற்குள், கொழுந்து எடை போடும் இடத்துக்குப் பக்கத்தில், பகல் வெளிச்சத்தில், அத்தனை பேர் பார்க்க, சிறுத்தை சுமியைத் தூக்கிக்கொண்டு போனது. மறுநாள் காட்டோரத்தில் சட்டை கிடைத்தது. கூடவே கிடைத்ததைப் பூல்மணியிடம் காட்ட வேண்டாம் என்று துணியில் சுற்றிவிட்டார்கள். அவள் சுற்றியதைப் பிடுங்கிப் பிரித்துப் பார்த்தாள்.

அதே மாதம் இன்னும் இரண்டு பேர். இருவரும் சட்டை போட்டவர்கள். இருவரும் புது ஆட்கள்.

டாக்டர் செலினை ஆபீஸ் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஆள் இளைத்திருந்தார்.

"தப்பு என்னுதுதான். சட்டை மட்டும் போட்ட போலி பெருத்துப் போச்சு. ஒரு வாலிபச் சிறுத்தை, தாய்கிட்ட சரியாப் படிக்காதது, பசியில சும்மா கடிச்சுப் பாத்திருக்கு. இனிச்சிருக்கு. மறுபடி கடிச்சிருக்கு. மறுபடியும் இனிச்சிருக்கு. இப்ப அதுக்கு அந்தப் பட்டையைப் பாத்தா பயமில்லை, செலின். பட்டையைத் தேடிக்கிட்டு வருது."

"சட்டையைக் கழட்டிடச் சொல்லிடலாமா?"

"கழட்டினா மத்த சிறுத்தைங்களுக்கு எல்லாரும் சாதா ஆள் ஆயிடுவாங்க. அதுங்க இன்னும் பயந்துக்கிட்டுத்தான் இருக்கு."

"பிடிச்சிட்டா?"

"புதுசு வரும். அதுவும் படிக்காதது."

"ஒரு ஆட்டுக்குக் கசப்பு ஏத்தி, சட்டையை மாட்டிக் கட்டி வச்சா?"

"பாத்தாச்சு. ஆடு கசந்தா ஆட்டை விட்டுடுது. மனுஷனை விடலை." டாக்டர் சன்னல் பக்கம் திரும்பினார். "அது ஒரு தடவை கசப்பான மனுஷனைக் கடிக்கணும். நல்லாக் கசக்கணும். கொடலைப் பிடுங்கி வெளியே போடற மாதிரி. அப்பத்தான் மறக்காது."

அவர் என்ன கேட்கப்போகிறார் என்பது அவர் கேட்பதற்கு முன்பே செலினுக்குத் தெரிந்துவிட்டது.

"தானா நடக்கும்னு காத்திருக்கலாம். ஆனா அதுவரைக்கும் எத்தனை சட்டை போகும்? எந்தச் சட்டை போகும்?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பொண்ணு அந்தக் குறுக்குப் பாதையிலதானே போறா?"

"சார்."

"நான் மிரட்டலை. உண்மையைச் சொல்றேன். துரைகிட்டப் பேசிட்டேன், காட்டுல யாரை எங்க நிறுத்தறதுன்னு சூப்பர்வைசர் பாத்துக்குவார். யாருக்கு மருந்து கூட்டறதுன்னு மட்டும் நீங்க சொல்லணும். எனக்கு இங்க ஆட்களைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியில் செலின் ஒவ்வொரு முகமாக மனதுக்குள் ஓட்டிப் பார்த்தாள். இவனுக்கு இரண்டு பிள்ளை. இவளுக்குப் படுத்துக் கிடக்கும் தாய். இவனுக்குப் போன தையில்தான் கல்யாணம். ஒவ்வொருவரையும் யாரோ ஒருவர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் யாரும் பிடித்துக்கொள்ளாத ஒரு முகம் வந்து நின்றது. தனக்குக் கீழாநெல்லி அரைத்துக் கொடுத்த கையோடு வந்து நின்றது. வேண்டாம் என்று தள்ளித்தான் பார்த்தாள். ஷைனி வாசலில் சட்டையைக் கழற்றி உதறிக்கொண்டிருந்தாள். செலின் அதற்கு மேல் யோசிக்கவில்லை.

"இன்னிக்கு ரெண்டு மூடியா சிஸ்டர்?" என்று கேட்டாள் முத்தரசி.

"உங்களுக்குச் சத்து கம்மியா இருக்குக்கா. கொஞ்ச நாளைக்குக் கூட்டித்தான் குடுக்கணும்."

"நீங்க பாத்து ஊத்துனா சரி" என்று முத்தரசி அண்ணாந்தாள். விழுங்கிவிட்டுக் கண்ணீர் வர இருமினாள். "உசுரே கசக்குது போங்க."

இரண்டு வாரம் அப்படிப் போனது. அதன் பிறகு சூப்பர்வைசர் சவரிமுத்து அவளை ஒன்பதாம் நம்பரின் காட்டோரத்தில், தனியாகக் களை வெட்ட நிறுத்தினார். கீழ் வளைவில் ஜீப் ஒன்று நின்றது. அதில் ஸ்டிரெச்சர், கட்டுத்துணி, ரத்தம் நிறுத்தும் ஊசி, செலின். ஒவ்வொரு பகலும் அவள் அங்கே உட்கார்ந்து, மேலே மண்வெட்டி விழும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தாள். சத்தம் நிற்கும்போதெல்லாம் ஜீப் கதவின் பிடியில் கை வைத்தாள். மறுபடி கேட்டால் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலுக்கு அடியில், இன்னும் முடியவில்லையே என்ற எரிச்சலும் இருந்தது. அந்த எரிச்சலை அவள் தன்னிடம்கூட ஒப்புக்கொள்ளவில்லை.

சத்தம் நின்ற ஒரு பகலில் அலறல் கேட்டது. ஜீப் மேலேறிப் போனபோது சிறுத்தை ஏற்கெனவே விட்டிருந்தது. தேயிலைச் செடிகளுக்கிடையே அது முதுகு வளைத்து, தரையில் தாடையைத் தேய்த்து, மஞ்சளாகக் கக்கிக்கொண்டிருந்தது. ஜீப்பைக் கண்டதும் தள்ளாடியபடி ஓடிற்று. முத்தரசியின் இடது தோள் பிய்ந்து தொங்கியது. செலின் கட்டுத்துணியை அழுத்திப் பிடித்தாள். வேலை சுத்தமாக நடந்தது.

முத்தரசி கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தாள். பிறகு ஜீப்பைப் பார்த்தாள். விரித்துத் தயாராக இருந்த ஸ்டிரெச்சரைப் பார்த்தாள்.

"நான் இப்பத்தானே கத்துனேன்" என்றாள். "அதுக்குள்ள எப்படி சிஸ்டர் வந்தீங்க?"

செலின் கட்டுத்துணியை இன்னும் இறுக்கினாள். முத்தரசி மறுபடி கேட்கவில்லை.

கை போனது, உயிர் தங்கியது. கம்பெனி அவளுக்கு ஒரு சால்வை போர்த்திப் படம் எடுத்துக்கொண்டது. அந்த வாலிபச் சிறுத்தை அதற்குப் பிறகு மனிதர் பக்கமே வரவில்லை. டாக்டருக்குத் தலைமை அலுவலகத்தில் பதவி கிடைத்தது. போகும் நாளில் செலினிடம் விடைபெற வந்தார்.

"ஒண்ணு சொல்லணும். வருஷா வருஷம் குட்டி போடும். எல்லாக் குட்டியும் தாய்கிட்டப் படிக்காது. எப்பெப்ப பாடம் தேவையோ, அப்பெல்லாம் ஒருத்தர் தேவைப்படும். உங்களை நம்பித்தான் போறேன்."

ஆளைச் சொல்வது செலின்தான் என்ற விஷயம் எப்படியோ லைனுக்குள் பரவிவிட்டது. செலின் நடந்தால் பேச்சு நின்றது. சிலர் கோழி கொண்டுவந்து வாசலில் கட்டிவிட்டுப் போனார்கள். சிலர் பிள்ளைகளைக் கூட்டிவந்து, இதுங்களுக்கு நான்தான், சிஸ்டர், வேற நாதியில்லை என்று சும்மா சொல்லிவிட்டுப் போனார்கள். கோழியை அவள் திருப்பி அனுப்பினாள். ஆனால் யார் வீட்டில் எத்தனை பேர் என்று மனம் தானாகக் குறித்துக்கொண்டது.

தூக்கம் கெட்டுப்போய், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் அவள் பூல்மணியின் வீட்டுக்குப் போனாள். உள்ளே முத்தரசி உட்கார்ந்து ஒரு கையால் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து இங்கேதான் இருப்பதாகச் சொன்னாள். செலின் திரும்பிவிடலாமா என்று நினைத்தாள். பூல்மணி பாயைத் தட்டிப் போட்டாள்.

"உக்காரு சிஸ்டர். சாயா குடி."

கருஞ்சாயா, வெல்லம் தூக்கலாக. அதற்குள் இஞ்சி, மிளகு, இன்னும் என்னென்னவோ. யாரும் எதையும் கேட்கவில்லை, திட்டவில்லை. தோள் எப்படி இருக்கிறது என்று செலின் கேட்டாள், குளிரில் வலிக்கிறது என்றாள் முத்தரசி. அவ்வளவுதான் பேச்சு. வெளியே வந்தபோது பல மாதங்களுக்குப் பிறகு செலினுக்கு மூச்சு இலேசாக வந்தது. அடுத்த ஞாயிறும் போனாள். அதற்கடுத்த ஞாயிறும். தன்னை மன்னித்துவிட்டார்கள் என்று நினைத்தாள். வழியில் எதிர்ப்பட்டவர்கள்கூட இப்போது "சாயா குடிச்சாச்சா சிஸ்டர்?" என்று சிரித்த முகமாகக் கேட்டார்கள். நடுவில் கொஞ்ச நாள் வயிறு பிரட்டி வாந்தி வந்தது. மலையில் பருவம் மாறுகிறது என்று மாத்திரை போட்டுக்கொண்டாள்.

பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கிய நாளில் ஷைனி ஓடிவந்து அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு கன்னத்தில் அழுத்தி முத்தமிட்டாள். உடனே முகத்தைப் பின்னுக்கு இழுத்து, புறங்கையால் உதட்டைத் துடைத்தாள். துடைத்துவிட்டுத் துப்பினாள்.

"ஐயே அம்மா, உன் கன்னம் கசக்குது."

செலின் பிள்ளையை இழுத்துக்கொண்டுபோய் வாயை மூன்று தடவை கழுவிவிட்டாள். பிறகு தன் முன்கையை நக்கிப் பார்த்தாள். கசந்தது. நேராகப் பூல்மணியின் வீட்டுக்குப் போனாள்.

அவள் முகத்தைப் பார்த்ததுமே முத்தரசிக்குப் புரிந்துவிட்டது.

"தெரிஞ்சிருச்சா?"

"எங்கேருந்து கெடச்சுது உங்களுக்கு? நான்தானே எல்லார் வாயிலயும் ஊத்தறேன்."

"வாயில ஊத்துனீங்க. விழுங்குனோமான்னு பாத்தீங்களா?" முத்தரசியின் குரலில் கோபம் இல்லை. "அடக்கி வச்சிருந்து இங்க வந்து துப்பினாங்க. பொடியையும் அப்படித்தான் வாங்கியாந்தாங்க. ஒருத்தர் ரெண்டு பேர் இல்ல சிஸ்டர், லைன் மொத்தமும். ஆளுக்கொரு வாய்."

செலினுக்கு ஓங்கரித்தது. எதுவும் வரவில்லை. உடம்பு எப்போதோ பழகிவிட்டிருந்தது.

"நான் போலீசுக்குப் போவேன். துரைகிட்டச் சொல்லுவேன்."

"சொல்லுங்க. காட்டுல ரெண்டு குட்டி பெருசாயி நிக்குதாம். நேத்து சவரிமுத்து அண்ணனே பாத்தாரு. பட்டைச் சட்டையைப் பாத்துட்டு, ஓடாம உக்காந்துக்கிட்டே இருந்துச்சாம். துரை உங்ககிட்டத்தான் ஆள் கேப்பாரு." முத்தரசி முறத்தைக் கீழே வைத்தாள். "யாரைச் சொல்வீங்க? சொல்லுங்க, இப்பவே போயி அவங்ககிட்டச் சொல்லிட்டு வர்றேன். யாரும் ஒத்துக்கலைன்னா சும்மா விட்டுறலாம். சின்னப் புள்ளைங்க அந்த வழியாத்தான் போகுதுங்க. சட்டை மட்டும் போட்டதுங்க."

செலின் வாசலைப் பார்த்தாள். வெளியே பெண்கள் நின்றிருந்தார்கள். யாரும் அவள் வழியை மறிக்கவில்லை. இரண்டு பக்கமும் ஒதுங்கி வழி விட்டுத்தான் நின்றிருந்தார்கள். அவர்களுக்கப்பால் குறுக்குப் பாதை தேயிலைக்குள் இறங்கிப் போவது தெரிந்தது. நாளைக் காலையில் ஷைனி அதில்தான் போவாள். செலின் அந்தப் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மெல்ல வந்து பாயில் உட்கார்ந்தாள்.

"இன்னும் எவ்வளவு நாள் குடிக்கணும்?" என்று கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாததா சிஸ்டர்? நல்லா ஏறணும்ல."

பூல்மணி அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கி டம்ளரில் ஊற்றினாள். இத்தனை நாளில் அவள் தமிழ் நன்றாகத் தேறியிருந்தது. டம்ளரைச் செலினின் இரண்டு கைக்குள்ளும் பத்திரமாக வைத்து, அவள் முதல் வாய் விழுங்கும்வரை பக்கத்திலேயே குந்தியிருந்தாள்.

"வெல்லம் போதுமா?" என்று கேட்டாள்.